வாவியின் சொந்தச் சிக்லிட் மீன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியிலும் அம்பாறைக் கரையோரக் களப்புகளிலும் வெளியிலிருந்து கொண்டுவரப்படாத சிக்லிட் (திலாப்பியாவும் சேரும் மீன் குடும்பம்) மீன்கள் இரண்டு வாழ்கின்றன. சந்தையிலும் தோணித்துறையிலும் பாடசாலைகளிலும் இவற்றைப் பற்றி ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். துறைக்குத் துறை பெயர் மாறுவதால் இங்கே பெரிய இனத்தை (எட்ரோப்ளஸ் சுரடென்சிஸ்) செத்தகெண்டை என்றும், சின்ன இனத்தை (சூடெட்ரோப்ளஸ் மக்குலேட்டஸ்) மஞ்சள் செத்தகெண்டை என்றும் எழுதுகிறோம். சிங்களத்தில் பெரியதற்குக் கொரலியா என்று பெயர். கேரளத்தில் அதுவே கரிமீன். 2010 முதல் அந்த மாநிலத்தின் மீனும் அதுதான்.

இது நம்மட மீன்தானா, இல்லாட்டி திலாப்பியா மாதிரி வெளியில இருந்து வந்ததா?

நம்முடையதுதான். உலகில் 1,700 அளவில் சிக்லிட் இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவுக்கும் தென், மத்திய அமெரிக்காவுக்கும் உரியவை. தெற்காசியாவுக்கென்று இருப்பவை மூன்றே மூன்று. அவற்றில் ஒன்று தென்கர்நாடகப் பக்கத்துச் சில ஆறுகளில் மட்டுமே உண்டு. மற்ற இரண்டும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளன. பெரியதை 1790 இலும் சின்னதை 1795 இலும் புளொக் என்ற ஜேர்மன் அறிஞர் விபரித்தார்.

இவற்றின் நெருங்கிய உறவு ஆப்பிரிக்கத் திலாப்பியா அல்ல, மடகாஸ்கார் தீவின் பரெட்ரோப்ளஸ் மீன்கள். இந்தியத் தட்டு மடகாஸ்காரை விட்டுப் பிரிந்தது ஏறக்குறைய 8 கோடி 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். நிலத்தோடு சேர்ந்து மீனும் பிரிந்ததா, அல்லது உப்புநீர் தாங்கும் மூதாதைகள் பின்னொரு காலத்தில் கடலைக் கடந்தனவா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. கிடைத்துள்ள மிகப் பழைய சிக்லிட் புதைபடிவம் 4 கோடி 60 இலட்சம் ஆண்டுக்கு அருகில்தான் நிற்கிறது. விவாதம் நீள்வதற்கு இதுவே முக்கிய காரணம்.

சந்தையில வாங்கக்குள்ள இதுவா ஜப்பான் மீனா எண்டு எப்பிடிக் கண்டுபுடிக்கிற?

நிறத்தை நம்ப வேண்டாம். ஐஸில் கிடந்த மீன் நிறம் மாறிவிடும். மீனைப் புரட்டி, குதத்துக்குப் பின்னால் வயிற்றடியில் இருக்கும் செட்டையை விரலால் விரித்து, முன்பக்கத்திலிருந்து விறைப்பான முட்களை எண்ணுங்கள். ஜப்பான் மீன் எனப்படும் திலாப்பியாவுக்குப் பெரும்பாலும் மூன்று முள்தான் இருக்கும், அதன்பின் மெல்லிய கதிர்கள் தொடங்கிவிடும். செத்தகெண்டைக்கு 12 அல்லது 13 முள். எண்ணி முடிக்கவும் தேவையில்லை, ஐந்தாவது முள் விரலில் குத்தினாலே விடை கிடைத்துவிடும்.

உயிரோடு இருந்தால் இன்னும் இலகு. செத்தகெண்டை தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். சாம்பல் பச்சை உடம்பில் எட்டளவில் கருமையான குறுக்குப் பட்டைகள், மேற்பாதிச் செதில்களில் முத்து வைத்தாற்போல் வெண்புள்ளிகள், பக்கச் செட்டையின் அடியில் ஒரு கறுத்த பொட்டு. சாதாரணமாகக் கிடைப்பது 20 சென்ரிமீற்றர் அளவு. 40 வரையும் வளரும்.

அந்தச் சின்ன மஞ்சள் மீன் இதுட குஞ்சுதானே?

இல்லை, அது வளர்ந்து முடிந்த வேறு இனம். மஞ்சள் செத்தகெண்டை 8 சென்ரிமீற்றரைத் தாண்டுவது அரிது. உடம்பின் நடுவில் ஒரு பெரிய கரும்பொட்டு இருக்கும், அதன் இருபுறமும் மங்கலான பொட்டுகள் தெரியும். செதில்களில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக ஓடும். வலையில் வரும் இந்த மீனைப் "பெரியதின் குஞ்சு" என்று கணக்கில் எழுதினால், குஞ்சு நிறைய இருக்கிறது என்ற பொய்யான நிம்மதிதான் மிஞ்சும். மீனவர் சங்கங்கள் பதிவு எழுதும்போது இரண்டுக்கும் தனித்தனி நிரல் போடுவது நல்லது.

பாடும் மீன் எண்டு சொல்றது இதையா?

இதை இல்லை. கல்லடிப் பக்கத்தில் கேட்கும் ஒலியை ஊரி, சிப்பி வகைகளோடு சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம்.

இது உப்புத் தண்ணி மீனா, நல்ல தண்ணி மீனா?

இரண்டிலும் வாழும். இயல்பான இடம் உவர்நீர்தான். வளர்ந்த மீன் நன்னீரிலிருந்து கடல்நீர் அளவு உப்பு வரை தாங்கும். அதனால்தான் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியில், முகத்துவாரப் பக்கத்திலும் இருக்கிறது, ஆற்றுநீர் வந்து சேரும் மேற்பகுதியிலும் இருக்கிறது. தாங்கும் என்பதற்காக எல்லா இடத்திலும் ஒரேயளவில் பெருகும் என்று எடுக்கக் கூடாது. முட்டைக்குத் தேவையானவை வேறு. அவற்றைக் கீழே சொல்கிறோம்.

என்னத்தத் தின்னும்? தூண்டிலுக்கு ஏன் லேசில அகப்படுதில்ல?

வளர்ந்த மீனின் முக்கிய உணவு இழைப்பாசி, நீர்த்தாவரத் துண்டு, அடியில் படியும் மக்கு. பூச்சியும் சின்ன இறாலும் கிடைத்தால் விடாது. குஞ்சுகள் நுண்ணுயிர் மிதவைகளைத் தின்று வளரும். வாய் சிறியது, கடித்து இழுக்காமல் கொறிக்கும். பெரிய கொக்கியில் இறைச்சி இரை மாட்டிக் காத்திருப்பவருக்கு அகப்படாததற்குக் காரணம் இதுதான். சின்னக் கொக்கியில் இறுகப் பிசைந்த மா உருண்டையோ பாசியோ போட வேண்டும்.

எப்ப முட்டை விடும், எங்க விடும்?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். செத்தகெண்டை முட்டையைத் தண்ணீரில் சும்மா சிந்தாது. கடினமான ஒரு மேற்பரப்பைத் தெரிந்தெடுத்து, சோடியாக வாயால் சுத்தம் செய்து, முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டவைக்கும். கல், தாழ்ந்த மரக்கட்டை, கண்டல் வேர், பழைய தூண், தென்னை மட்டை என்று எதுவும் ஆகலாம். ஒவ்வொரு முட்டையும் ஒரு சிறு காம்பில் நிற்கும். எண்ணிக்கை தாயின் பருமனைப் பொறுத்தது: சில நூறிலிருந்து இரண்டாயிரம் அளவுக்குப் போகும். இடம் பெரும்பாலும் ஒரு மீற்றருக்கு உட்பட்ட ஆழம்.

நாலைந்து நாளில் முட்டை பொரிக்கும். அதற்கு முன்பே பெற்றோர் பக்கத்தில் சின்னக் குழிகள் தோண்டிவைத்திருக்கும். பொரித்த குஞ்சுகளை வாயில் எடுத்து அந்தக் குழிகளில் விட்டு, குழி மாற்றி மாற்றி வைக்கும். இன்னும் ஒரு வாரமளவில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அதன்பிறகும் பல வாரங்கள் தாயும் தந்தையும் கூட்டத்தோடு சேர்ந்தே திரியும்.

இவ்வளவும் நடக்கத் தெளிந்த நீர் வேண்டும். பெற்றோர் கண்ணால் பார்த்துத்தான் எதிரியை விரட்டுகின்றன. சேறு படிந்தால் முட்டை மூச்சுமுட்டிப் பூஞ்சணம் பிடிக்கும். மாரி வெள்ளம் வாவியைக் கலக்கும் மாதங்களில் கூடு குறைவாக இருப்பதும், வெள்ளம் வடிந்து நீர் தெளிந்தபின் கூடுவதும் இதனால்தான். கூடு பார்க்க விரும்புவோர் காற்றெழும்ப முந்திய காலை நேரத்தில், வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தோணியிலிருந்து பாருங்கள். ஒரே இடத்தை விட்டு நகராமல் இரண்டு மீன் நின்று, வருகிறதையெல்லாம் பாய்ந்து விரட்டினால், அதற்கடியில் கூடு இருக்கிறது.

அப்பிடி நிக்கிற சோடியில ஒண்ட மட்டும் புடிச்சா மத்தது பாத்துக்கொள்ளும்தானே?

பாத்துக்கொள்ளாது. ஒன்று இரை தேடப் போகும்போது மற்றது காவல் நிற்பதுதான் முறை. தனித்த மீன் ஒரு பக்கம் விரட்டும்போது மறுபக்கத்தால் சின்ன மீன்கள் புகுந்துவிடும். அதிலும் முன்னே சொன்ன மஞ்சள் செத்தகெண்டை கூட்டமாகக் காத்து நிற்கும். முட்டையும் குஞ்சும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

கூட்டில் நிற்கும் மீன் ஆளைக் கண்டும் ஓடாது. அதனால் அதைப் பிடிப்பது சுலபம், இந்த மீனுக்கு நாம் செய்யும் பெரிய கேடும் இதுவே. ஒரு மீனின் விலைக்கு ஒரு பருவத்துக் குஞ்சு முழுவதும் போகிறது. கூட்டுச் சோடிக்கு வீச்சு வலை எறியாமல் விடுவது எந்தச் சட்டமும் வராமலே ஒவ்வொரு துறையும் இன்றைக்கே எடுக்கக்கூடிய முடிவு.

மஞ்சள் மீன் முட்டையத் தின்னுது எண்டா, அதப் புடிச்சு அழிச்சா நல்லதுதானே?

கூடாது. அதே மஞ்சள் மீனின் இளசுகள்தான் பெரிய செத்தகெண்டைக்கு வைத்தியம் பார்க்கின்றன. பெரிய மீன் செட்டைகளை விரித்து, உடம்பைச் சற்றுச் சாய்த்து அசையாமல் நிற்கும். சின்னவை அதன் செட்டை ஓரங்களில் இருக்கும் பூஞ்சணத்தையும் சிதைந்த தோலையும் கொத்தி எடுக்கும். வைமன், வார்ட் என்ற ஆய்வாளர்கள் இந்த உறவை 1972 இல் எழுதினார்கள். பின்னர் இலங்கைக் களப்புகளிலேயே இரண்டு இனங்களையும் சேர்த்து ஆராய்ந்தார்கள்.

ஒரு பருவத்தில் முட்டை தின்னி, இன்னொரு பருவத்தில் துப்புரவாளர். இரண்டும் மிக நீண்ட காலமாக ஒன்றாகவே வாழ்ந்து வந்திருக்கின்றன. சோடி முழுதாக இருந்து, நீரும் தெளிந்திருந்தால், மஞ்சள் மீனால் மட்டும் பெரியது அழியாது.

குஞ்சுகள் தாய்ட உடம்பக் கொத்திக்கொண்டு திரியுது, ஏதும் வருத்தமா?

வருத்தம் இல்லை. மஞ்சள் செத்தகெண்டையின் குஞ்சுகள் பெற்றோரின் தோலில் ஊறும் வழுவழுப்பைக் கொறித்துத் தின்னும். குஞ்சு பார்க்கும் காலத்தில் அந்தச் சுரப்பு கூடும். ஆபத்து நெருங்கினால் தாயும் தந்தையும் கறுத்த வயிற்றுச் செட்டைகளைப் படபடவென்று அடிக்கும். அதைக் கண்டவுடன் சிதறிக் கிடந்த குஞ்சுகள் உடம்போடு ஒட்டிவந்து நிற்கும். மீன்தொட்டியிலும் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

திலாப்பியா வந்துதானே இது குறைஞ்சது?

பாதி உண்மை. மொசாம்பிக் திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது, நைல் திலாப்பியா 1975 இல் வந்தது. சேனாநாயக்க சமுத்திரம், உன்னிச்சை போன்ற குளங்களில் அது நிலைத்ததற்குக் காரணம் அதன் இனப்பெருக்க முறை. பெண் திலாப்பியா முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் முட்டை தாயோடு போய்விடும். ஒட்டவைத்த முட்டையைத் தூக்கிப் போக முடியாத செத்தகெண்டைக்கு, மட்டம் நாளுக்கு நாள் மாறும் குளம் வசதியான இடம் அல்ல.

களப்பில் நிலைமை வேறு. அங்கே பாசிக்கும் ஆழமற்ற இடத்துக்கும் போட்டி உண்டு. ஆனால் கண்டல் வெட்டியது, கரையை மண்போட்டு நிரப்பியது, சின்னக் கண் வலை, கழிவுநீர், வயலிலிருந்து வரும் மருந்தும் உரமும் எல்லாவற்றையும் திலாப்பியா தலையில் கட்டிவிட்டால், நாம் மாற்றக்கூடிய எதையும் மாற்றமாட்டோம். வாவியிலிருந்து திலாப்பியாவை இனி எடுத்துவிட முடியாது. வெட்டின கண்டலைத் திரும்ப நடலாம். அத்தோடு, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு இன்று குளத்துத் திலாப்பியாவில்தான் இருக்கிறது.

ரெண்டும் கலந்து கலப்பு மீன் வருமா?

வராது. முதல் கேள்வியில் சொன்னபடி செத்தகெண்டையும் திலாப்பியாவும் மிகத் தூரத்து உறவு. கலப்பது திலாப்பியாக்கள் தங்களுக்குள்தான். மொசாம்பிக்கும் நைலும் எளிதாகக் கலக்கும். இதனால் தன் சொந்த நாடான தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலேயே தூய மொசாம்பிக் திலாப்பியா அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலில் ஏறியிருக்கிறது. எங்கும் பரவிய மீன் பிறந்த இடத்தில் ஆபத்தில் இருப்பதை மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்.

அழிஞ்சு போற மீன் பட்டியல்ல செத்தகெண்டை இருக்கா?

உலகப் பட்டியலில் இரண்டும் "குறைந்த கவலை" வகுப்பில் இருக்கின்றன. தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்த்து ஓர் இனம் முழுவதையும் பார்த்துச் சொல்லும் முடிவு அது. உங்கள் துறைக்கு முன்னால் மீன் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அந்தப் பட்டியல் ஒன்றும் பேசுவதில்லை. குஞ்சோடு நீண்ட நாள் கரையோரத்தில் நிற்கும் இந்த மீன் ஓரிடத்தில் குறைந்தால், பக்கத்திலிருந்து வந்து நிரம்பக் காலம் எடுக்கும். உறவான மடகாஸ்கார் இனங்கள் பல இன்று அழிவின் விளிம்பில் நிற்கின்றன. அங்கேயும் கேடு தொடங்கியது காடழிப்பு, சேறு, வெளிநாட்டு மீன் என்று நமக்குத் தெரிந்த காரணங்களால்தான்.

முகத்துவாரம் வெட்டினா கூட்டுக்கு என்ன நடக்கும்?

உப்பு மாறுவதை வளர்ந்த மீன் சமாளிக்கும். பிரச்சினை நீர்மட்டம். பாலமீன்மடுவிலோ கல்லாற்றிலோ மணல் திட்டை வெட்டியவுடன் வாவி நீர் வேகமாக இறங்கும். முழங்கால் ஆழத்தில் ஒட்டியிருந்த முட்டைகள் வெயிலில் காயும், குழிகளில் இருந்த குஞ்சுகள் குட்டைகளில் மாட்டும்.

வெள்ளத்தில் வயலும் வீடும் தாழும்போது வெட்டாமல் இருக்கச் சொல்ல யாராலும் முடியாது. அந்த நேரம் நீர் கலங்கிக் கிடப்பதால் கூடுகளும் குறைவு. கவனிக்க வேண்டியது வெள்ளமில்லாத, நீர் தெளிந்த காலத்தில் மீன்பிடி வசதிக்காக மட்டும் வெட்டும் வெட்டு. அப்படி வெட்டத்தான் வேண்டுமென்றால் வாய்க்காலை ஒடுக்கமாகத் தொடங்கி மட்டம் மெல்ல இறங்க விடலாம். வெட்டும் முடிவுக் கூட்டத்தில் களப்பு மீனவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

எங்கட துறைக்கு முன்னால முட்டை விட இடம் செஞ்சு குடுக்கலாமா?

செய்யலாம், செலவும் குறைவு. தோணி ஓடாத, அலை அடிக்காத ஓரமாக 50 முதல் 100 சென்ரிமீற்றர் ஆழத்தைத் தெரிவுசெய்யுங்கள். அடி முழங்கால் புதையும் சேறாக இருந்தால் அந்த இடத்தை விடுங்கள். காய்ந்த தென்னை மட்டைகளைக் கம்பில் கட்டிச் சாய்வாக நடலாம், மண் ஓடுகளைக் கல்லில் சாய்த்து வைக்கலாம். ஒன்றுக்கொன்று இரண்டு மீற்றர் விடுங்கள். நெருக்கமாக வைத்தால் சோடிகள் சண்டை பிடித்தே நேரத்தைக் கழிக்கும். நீர் தெளியத் தொடங்கும் முன்பே வைத்துவிட்டால் மேலே மெல்லிய பாசி படிந்து மீனும் பழகிவிடும்.

பிழைப்பது பெரும்பாலும் மூன்று விடயங்களில். மட்டையை மட்டமாகப் போட்டால் சேறு படிந்து முட்டை அழுகும். "முட்டை வந்ததா" என்று நாளுக்கு நாள் தூக்கிப் பார்த்தால் சோடி கைவிட்டுப் போகும். அதைவிடப் பெரிய பிழை, மீன் சேர்ந்ததும் சுற்றி வலை வளைப்பது. நீர்கொழும்பில் கண்டல் கொப்புகளைக் கூட்டி மீன் சேர்த்துப் பிடிக்கும் முறை பழையது, அது பிடிப்பதற்கான ஏற்பாடு. கூடு கட்டும் இடம் பிடிப்பதற்கானதல்ல என்று துறை முழுவதும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வைக்காமல் இருப்பதே மேல். கண்டலை வெட்டிக் கொண்டுவந்து நடுவதும் வேண்டாம். பெயின்ற் பூசிய பலகை, அஸ்பெஸ்டஸ் துண்டு இரண்டையும் தவிருங்கள்.

வீட்டுத் தொட்டியில வளர்க்கலாமா? மறுகா பெருத்தா வாவியில விட்டா என்ன?

மஞ்சள் செத்தகெண்டை தொட்டிக்கு ஏற்றது. 100 லீற்றர் தொட்டியில் ஆறு மீன் போதும். 100 லீற்றருக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கல்லுப்பைத் தனியாகக் கரைத்து, ஓரிரு நாளில் மெல்லச் சேர்க்கவும். வெப்பம் 26 முதல் 28 பாகை. வாரம் ஒருமுறை கால்வாசி நீரை அதே உப்பளவில் மாற்றுங்கள். ஆவியாகிக் குறைந்ததை நிரப்ப நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆண் பெண் பார்த்துப் பிரிக்க முடியாததால் சோடி தானாகச் சேர விடவேண்டும். பெரிய இனத்துக்கு 400 லீற்றராவது தேவை. அது செடி முழுவதையும் தின்றுவிடும்.

திரும்ப வாவியில் விடக் கூடாது. தொட்டியில் வேறு மீனோடு இருந்தது நோயையும் ஒட்டுண்ணியையும் சுமந்து செல்லும். கடையில் வரும் தங்கநிற வகை மனிதர் தெரிந்தெடுத்து வளர்த்தது, அது களப்புக்கு உரியதல்ல. பிளவர்ஹார்ன், ஒஸ்கார் போன்ற வெளிநாட்டுச் சிக்லிட்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

பண்ணையில போட்டா லாபம் வருமா?

திலாப்பியா வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு வருடத்தில் 150 முதல் 250 கிராம் வரை எதிர்பார்க்கலாம். விலை கூடுதலாகக் கிடைப்பதே இதன் பலம். குஞ்சுக்கு வாவியில் வலை வைத்தால் பண்ணையே வாவிக்கு எதிரியாகிவிடும். குளத்துக்குள்ளேயே மண் ஓட்டையும் தென்னை மட்டையையும் வைத்துத் தாய்மீனை முட்டை விடச் செய்வதுதான் சரியான வழி. அனுமதிக்கும் ஆலோசனைக்கும் நெக்டா என்று அழைக்கப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையை அணுகுங்கள்.

எந்த வலை பாவிக்கக் கூடாது?

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் வெடியும் நஞ்சும் முற்றாகத் தடை. தங்கூசி எனப்படும் ஒற்றை இழை நைலோன் வலையும் தடை. நன்னீர்க் குளங்களில் செவுள் வலையின் கண், இழுத்துப் பிடித்து அளக்கும்போது 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. களப்பில் எந்த வலைக்கு எங்கே அனுமதி என்பதை உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் வேண்டுகோள் ஒன்று: 15 சென்ரிமீற்றருக்குக் குறைந்த செத்தகெண்டை உயிரோடு வந்தால் திரும்ப விடுங்கள்.

விடியக்காலம் மீன் செத்து மிதந்தா என்ன செய்ற?

முதலில் சாப்பிடவோ விற்கவோ வேண்டாம். பாசி பெருகிய நீரில் இரவில் ஒட்சிசன் இறங்கி, விடியும் நேரம் மிகக் குறைவாக இருக்கும். செத்தகெண்டை குறைந்த ஒட்சிசனை ஓரளவு தாங்கக்கூடிய மீன். அதுவும் செத்துக் கிடந்தால் நிலைமை மோசம், அல்லது நஞ்சு கலந்திருக்கலாம். சாகும் தறுவாயில் இருக்கும் மீன் சிலதை ஐஸில் வையுங்கள். செத்து ஊதினது பரிசோதனைக்கு உதவாது. சுத்தமான போத்தலை நீருக்குள் அமிழ்த்திக் காற்றில்லாமல் நிரப்பி மூடுங்கள். நேரம், இடம், எந்தெந்த இனம் என்று எழுதி, அன்றைக்கே பரிசோதகருக்கு அறிவியுங்கள். வெயில் ஏறினபின் ஒட்சிசன் அளவும் ஏறிவிடும், காரணம் பிடிபடாமல் போகும்.

இங்க குறைஞ்சிட்டுது எண்டா வேற களப்பில இருந்து குஞ்சு கொண்டுவந்து விடலாமே?

கடைசி வழியாகக்கூட அவசரப்பட வேண்டாம். குஞ்சோடு நோயும் வரும். மஞ்சள் செத்தகெண்டையும் திலாப்பியாக் குஞ்சும் கலந்து வருவதைத் தடுப்பதும் கடினம். முதலில் ஒரு தெளிந்த பருவம் முழுவதும் கூடுகளை எண்ணிப் பாருங்கள். சோடிகள் இருந்தும் குஞ்சு தேறவில்லையென்றால் தேவை காவலும் சேறில்லாத நீரும்தான். சோடி இருந்தும் கூடு இல்லையென்றால் மேலே சொன்ன தென்னை மட்டையும் மண் ஓடும் வையுங்கள். சோடியே இல்லையென்றால் மட்டும், அதிகாரசபையின் எழுத்து அனுமதியோடு, அதே வாவியின் இன்னொரு பகுதியிலிருந்து எடுப்பதைப் பற்றிப் பேசலாம்.